வெர்னாவின் பன்னிரண்டாம் பக்கம்

செப்டம்பர் பிறந்த முதல் திங்கட்கிழமை காலையில், டில்லன் கிணறு என்கிற எங்கள் ஊர்க் கடை வாசலில் லொரெல் ஒரு மேசையைப் போட்டாள். அதன்மேல் நீளமாக ஒரு தாளை விரித்து, காற்று தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க நாலு மூலையிலும் நாலு மாட்டிறைச்சி டப்பாக்களை வைத்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எங்கள் மொழியைச் சொல்லிக்கொடுப்பவள் அவள். அந்தத் தாள், வாசிப்புப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் தாள்.

தெற்கே கடலோரத்தில் ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊர் நூலகத்துக்கு வருகிறவர்கள் வருஷத்தில் ஒரு மாதம் போட்டி போட்டுக்கொண்டு படிப்பார்கள். படிக்கிற ஒவ்வொரு பக்கத்துக்கும் அவர்களுடைய சொந்தபந்தமும் பக்கத்து வீட்டாரும் கொஞ்சம் காசு போடுவார்கள். சேர்ந்ததை ஒரு புத்தக அமைப்பு வாங்கி, எங்களைப் போன்ற பாலைவனத்து ஜனங்களின் பாஷையிலேயே பிள்ளைகளுக்குப் புத்தகம் அச்சடித்து அனுப்பும். போன வருஷம் வரைக்கும் அவர்கள் படித்தார்கள், நாங்கள் கை நீட்டி வாங்கிக்கொண்டோம். இந்த வருஷம் லொரெலுக்கு அது பிடிக்கவில்லை. "அவங்க படிப்பாங்க, நாம வாங்கிப்போமா? நம்ம வாயில என்ன புண்ணா? நாமளும் படிப்போம்" என்று அமைப்புக்குக் கடிதம் எழுதிவிட்டாள்.

விதி சுலபமானது. எத்தனை பக்கம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். படிக்கும்போது எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்டவர் தாளில் ஒரு கோடு போடுவார். மாதக் கடைசி நாளில் எல்லோரும் கடை வாசலில் கூடி, ஆளுக்கு ஒரு பக்கமாவது சத்தமாகப் படித்து முடிப்பது.

முதலில் வந்து நின்றது வெர்னா. அறுபத்தொரு வயது. ஊர்ப் பெண்கள் கூடுகிற கூடத்தில் சமைக்கிறவள். அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும், ஆனால் யாரும் சொல்ல மாட்டோம். டப்பாவில் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் பீச் பழமா, பட்டாணியா என்று எடுப்பாள்.

கடைப் படியில் உட்கார்ந்திருந்த கிளாரி அவளைப் பார்த்ததும் விடவில்லை. அவன் வெர்னாவுடைய செத்துப்போன புருஷனின் தம்பி. கேலி செய்ய உரிமை உள்ளவன்.

"அண்ணி, அது ரொட்டி மாவுக்குச் சொல்லி வைக்கிற லிஸ்ட் இல்ல. படிக்கிறவங்க லிஸ்ட்."

"தெரியும்டா. உனக்குப் பார்வை மங்கிப்போச்சுன்னா ஊருக்கே மங்கிடுச்சா?"

"எத்தன பக்கம் போடட்டும் பெரியம்மா?" என்று லொரெல் கேட்டாள். அவள் குரலில் ஆச்சரியம் தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

"பன்னெண்டு."

"பன்னெண்டா!" கிளாரி தொடையைத் தட்டினான். "என் லாரிக்குக் குடுத்த புக்குலயே நாப்பது பக்கம் இருக்கு."

"நீ அத ஒரு தடவ படிச்சிருந்தா லாரி ஓடியிருக்கும்" என்றாள் வெர்னா.

கடைக்குப் பின்னால் நாலு வருஷமாகக் கல்லின்மேல் நிற்கும் லாரி அது. வாசலில் இருந்த எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் லொரெல் பன்னிரண்டு என்று எழுதிவிட்டாள்.

வெர்னா எதற்காகப் பெயர் கொடுத்தாள் என்பது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பின்னால் அவளே சொன்னதுதான். கதையை நான் அங்கிருந்தே சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா, அப்போதுதான் அவள் எதைத் தூக்கிக்கொண்டு நடந்தாள் என்று உங்களுக்குப் புரியும்.

வெர்னாவுக்கு ஒரு தங்கை இருந்தாள். லொரெலைப் பெற்றவள். இரண்டு வருஷத்துக்கு முன் சிறுநீரகம் கெட்டு, நகரத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எங்களில் ஒருவர் இறந்துவிட்டால் அவர் பெயரை வாயால் எடுக்க மாட்டோம். படத்தை மூடிவிடுவோம், பதிவு செய்த குரலைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவோம். பெயரைச் சொன்னால் போகிறவர் திரும்பிப் பார்ப்பார், போக முடியாமல் நிற்பார். குமஞ்ஜாயி என்றுதான் சொல்வோம், பெயர் இல்லாதவர் என்கிற மாதிரி. அதே பெயர் உள்ள உயிரோடு இருப்பவர்களுக்கும் அன்றிலிருந்து அதே அழைப்புதான். எங்கள் மருத்துவ நிலையத்து நர்ஸ் மேற்குக் கரையிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண். அவளுக்கும் வெர்னாவின் தங்கை பெயர்தான். துக்கம் விழுந்த மறுநாளே அவள் தன் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையின்மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டாள். நல்ல பெண். இரண்டு வருஷமாக அவளும் எங்களுக்குக் குமஞ்ஜாயி.

எத்தனை நாளுக்கு இப்படி என்பதை ரத்த உறவில் மூத்தவர் முடிவு செய்வார். தங்கை விஷயத்தில் அந்த மூத்தவள் வெர்னா.

இறப்பதற்கு முந்தைய வருஷம் அந்தத் தங்கை பள்ளிக்கூடத்தில் ஒரு கதை சொல்லியிருந்தாள். சின்ன வயதில் குடும்பத்தோடு உப்பு ஏரியிலிருந்து டில்லன் கிணற்றுக்கு நடந்து வந்த கதை. அப்போது இருந்த மொழி டீச்சர் அதைப் பதிவு செய்து, கேட்டுக் கேட்டு இரண்டு தாளில் டைப் அடித்து வைத்தார். தங்கை இறந்ததும் லொரெல் தாளின் உச்சியில் இருந்த பெயரின்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். இந்த வருஷம் புத்தக அமைப்பிலிருந்து கடிதம் வந்தது: பந்தயப் பணத்தில் டில்லன் கிணற்றுக்கென்று ஒரு புத்தகம் அச்சடிக்கிறோம், மாதக் கடைசிக்குள் கதையைக் கொடுங்கள், இல்லையென்றால் இந்த வருஷம் வேறு குடியிருப்புக்குப் போகும் என்று. தயாராக இருந்தது அந்த இரண்டு தாள்தான். லொரெல் பெரியம்மாவிடம் வந்து கேட்டாள். தாளைத் திறக்கலாமா என்று.

"பந்தயம் முடியட்டும், சொல்றேன்" என்றாள் வெர்னா.

அந்தக் கதையில் தன்னைப் பற்றித் தங்கை என்ன சொல்லியிருக்கிறாள் என்று வெர்னாவுக்குத் தெரிய வேண்டும். யாரையும் படித்துக் காட்டச் சொல்ல முடியாது. படிக்கிறவர் வாயில் இறந்தவள் பேசுவதாகிவிடும். அவள் பெற்ற மகளிடமே அதைக் கேட்பது பெரிய பாவம். ஆக, தானே படித்தால்தான் உண்டு.

அந்த நடையின்போது வெர்னாவுக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஆறு. கூட ஒரு தம்பி, இரண்டு வயது. மழை பொய்த்து மூன்றாம் வருஷம். மூன்றாம் நாள் மத்தியானம் அப்பாவும் அம்மாவும் ஈர மண் தேடிப் போனார்கள். தண்ணீர் டப்பாவை வெர்னாவிடம் கொடுத்து, மடியிலேயே வைத்திரு, பிள்ளைகள் எழுந்தால் ஒரு வாய் கொடு என்றார்கள். வெர்னா தூங்கிவிட்டாள். தூக்கத்தில் கால் நீட்டினாள். விழித்தபோது டப்பா கவிழ்ந்திருந்தது, மணல் கறுத்திருந்தது, தங்கை உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஓடிவந்து கேட்டாள். "நாய் தட்டிவிட்டுச்சு" என்றாள் வெர்னா. அப்பா நாயை அங்கேயே அடித்துக் கொன்றார். அது தங்கையின் நாய். குளிரில் அவள் முதுகோடு ஒட்டிப் படுக்கும் நாய். தங்கை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் தம்பி போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் அக்காவும் தங்கையும் ஒரே ஊரில், எதிரெதிர் வீட்டில் இருந்தார்கள். அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

இப்போது புரிகிறதா? அச்சான பிறகு, ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதைப் படிப்பார்கள்.

முதல் இரண்டு வாரம் வெர்னா பாத்திரம் கழுவிவிட்டுத் தினமும் பள்ளிக்கூடம் போனாள். வேறு குடியிருப்புகளில், எங்கள் பாஷை பேசுகிறவர்களிடமிருந்து வந்த சின்னப் புத்தகங்கள் அங்கே இருந்தன. பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி. ஒரு எழுத்தைப் பார்ப்பாள், அதன் ஓசையைச் சொல்வாள், அடுத்ததைப் பார்ப்பாள், அதையும் சொல்வாள், இரண்டையும் சேர்ப்பாள். ஓசைகள் ஒட்டி வார்த்தையாகிக் காதில் விழுந்த பிறகுதான் அது என்ன வார்த்தை என்று அவளுக்கே தெரியும்.

"கங்... கா... ரு... அட, கங்காரு!"

"படத்துல பெருசா நிக்குதே அண்ணி, கால் மணி நேரமா தேடுறீங்க" என்பான் கிளாரி. கேட்டுக் கோடு போடுகிறவனாக அவன் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்வான்.

"படத்தப் பாத்துச் சொன்னா அது படிப்பாடா? அம்பது வருஷமா அதத்தான செஞ்சேன்."

பதினேழாம் தேதிக்குள் ஒன்பது பக்கம். ஒன்பது கோடு. ஊரே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் நாலைந்து பெண்கள் வந்து பெயர் கொடுத்தார்கள்.

பதினெட்டாம் தேதி அவள் லொரெலிடம் மொழி அறைச் சாவியைக் கேட்டாள். லொரெல் அவள் முகத்தைப் பார்த்தாள், எதற்கு என்று கேட்கவில்லை, கொடுத்தாள்.

அன்றைக்கு நல்ல வெயில். அரசாங்க உதவிப் பணம் வரும் வியாழக்கிழமை வேறு. நர்ஸ் ஊசி போட வந்திருந்ததால் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் தாய்மார்களும் குழந்தைகளுமாகக் கூட்டம். நானும் அங்கேதான் இருந்தேன். லொரெலின் அத்தை மர்ட்டில், அதாவது இறந்தவளின் நாத்தனார், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மொழி அறையில் ஜன்னல் சின்னது. வெர்னா புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்து வைத்தாள். பெட்டியிலிருந்து தாளை எடுத்தாள். பெயர் ஒட்டி மறைத்திருப்பதைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். படிக்க ஆரம்பித்தாள்.

அவளுக்குத் தெரிந்த படிப்பு ஒன்றுதான், சத்தமாகப் படிப்பது. மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். வரி சரியாக வரவர, ஒன்பது பக்கம் படித்த வாய் அல்லவா, குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. அம்மா விறகு பொறுக்கினாள் என்று வந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டாள் என்று வந்தது. அடுத்து ஒரு எழுத்து, அதன் ஓசை. அடுத்த எழுத்து, அதன் ஓசை. மூன்றையும் சேர்த்துத் தெளிவாகச் சொன்னாள்.

தங்கையின் பெயர்.

தாழ்வாரத்தில் ஊசியும் கையுமாக நின்ற நர்ஸ் சட்டென்று திரும்பினாள். இரண்டு வருஷமாக யாரும் கூப்பிடாத பெயர். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது:

"இதோ, வரேன்!"

இறந்தவளைக் கூப்பிட்டார்கள், பதில் வந்தது. நர்ஸ் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். மர்ட்டில் தரையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பெண்கள் பிள்ளைகளின் காதைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்கள். வகுப்பிலிருந்து வந்த லொரெல் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சத்தமே இல்லாமல் கண்ணீர் ஓடியது.

வெர்னா தாளோடு வெளியே வந்தாள். மர்ட்டில் எழுந்து அவள் முன்னால் போய் நின்றாள்.

"இத்தன வயசுக்கு அப்புறம் எதுக்கு உனக்குப் படிப்பு? கூடப் பொறந்தவளப் படுக்க விடாம எழுப்பறதுக்கா? போய்க்கிட்டு இருந்தவள நடு வழியில நிக்க வெச்சுட்டியே, வெர்னாக்கா! அவ மக எதிர்லயே!"

வெர்னா படியில் உட்கார்ந்திருந்த லொரெலிடம் போனாள். தாளை லொரெலின் மடியில் வைத்தாள். தன் வீட்டுக்குக்கூடப் போகாமல், காய்ந்த ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கத்து மரத்தடிக்கு நடந்தாள். போகும் வழியில் குனிந்து வெள்ளை மண்ணை அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டாள். அதற்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியும். துக்கத்தை முதலிலிருந்து தொடங்குகிறாள்.

எங்கள் பெண்கள் துக்கத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள், கையால் பேசுவார்கள். தண்ணீர், நெருப்பு, மகள், போ, வா, வலி, எல்லாவற்றுக்கும் கை உண்டு. நான் தினமும் டீயும் ரொட்டியும் கொண்டுபோனேன். அவள் விரலால் "வை" என்பாள், "போ" என்பாள். அவ்வளவுதான். கடை வாசலில் பந்தயத் தாளைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார்கள். கிளாரிகூடச் சிரிக்கவில்லை. புத்தக அமைப்புக்கு வேண்டாம் என்று எழுதிவிடப் போவதாக லொரெல் சொன்னதாகக் கேள்வி.

ஐந்தாம் நாள் காலையில் நான் அங்கே இருக்கும்போதே லொரெல் வந்தாள். கையில் அந்த இரண்டு தாள். கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்து, மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பெரியம்மா, நான் மேல மட்டும்தான் ஒட்டினேன். உள்ள பாக்கல. பாக்க முடியல. ஒருதரம் படிச்சிருந்தா உள்ளயும் பேர் இருக்குன்னு தெரிஞ்சிருக்கும், அதையும் மூடியிருப்பேன். டீச்சர்னு பேரு, சொந்த அம்மா சொன்னத ரெண்டு வருஷமா படிக்காம பெட்டியில வெச்சிருந்தேன். உங்க தப்புல பாதி என்னுது."

வெர்னா கையை நீட்டினாள். தாளைக் கொடு என்று.

முதல் தாளை மடியில் விரித்தாள். இடது கை விரலை முதல் வார்த்தையின்மேல் வைத்தாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. வார்த்தை புரிந்ததும் வலது கை எழுந்து அதைச் சொன்னது. நடந்தோம். அடுத்த வார்த்தை. உப்பு ஏரி. அடுத்தது. அம்மா. விறகு. லொரெல் தலை நிமிர்ந்தாள். கையைப் பார்க்கப் பார்க்க, தவழ்ந்து தவழ்ந்து பக்கத்தில் வந்துவிட்டாள். பெயர் இருந்த இடம் வந்தது. வெர்னா உள்ளங்கையை அதன்மேல் வைத்து மூடினாள், கொஞ்சம் பொறுத்தாள், அடுத்த வார்த்தைக்குப் போனாள்.

நான் எழுபது வருஷம் கைப்பேச்சைப் பார்த்தவள். ஒரு தாளை அப்படிக் கையால் படித்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணுக்கும் தன் தாய் சொன்னது அன்றைக்குத்தான் கிடைத்தது, அதுவும் குரலே இல்லாமல்.

இரண்டாம் தாள். விரல் நகர்ந்தது. மூன்றாம் நாள். வெயில். தண்ணீர். அந்தக் கை அப்புறம் ஒரு சைகை செய்துவிட்டு அந்தரத்தில் நின்றது.

நாய்.

விரல் பின்னால் போனது. முதல் எழுத்திலிருந்து மறுபடி படித்தாள். மறுபடியும் கை அதையே சொன்னது. நாய் தண்ணீரைத் தட்டிவிட்டது.

அவள் வார்த்தையில் தடுக்கிவிட்டாள் என்று லொரெல் நினைத்தாள். "சரியாத்தான் படிச்சீங்க பெரியம்மா, நாய்தான்" என்றாள்.

வெர்னா மீதியைப் படித்தாள். அப்பா நாயை அடித்தார். தம்பி அழுதான், பிறகு அழவில்லை. என்னால் நடக்க முடியவில்லை. அக்கா என்னை முதுகில் தூக்கிக்கொண்டாள். அக்காவின் காலில் முள். அக்கா நிற்கவில்லை. கிணற்றடியில் அக்கா முதல் தண்ணீரை எனக்குத்தான் கொடுத்தாள். அவ்வளவுதான் கதை.

"எவ்வளவு அழகா உங்களப் பத்திச் சொல்லியிருக்காங்க!" லொரெல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க இப்பப் படிச்ச மாதிரியே, பேர் இருக்கிற எடத்த வெறும் எடமா விட்டு அச்சடிக்கச் சொல்றேன். மர்ட்டில் அத்தகிட்டயும் பேசிட்டேன். மூத்தவ சரின்னா சரின்னாங்க. குடுத்துடலாமா பெரியம்மா?"

வெர்னாவின் கை "நாளைக்கு" என்றது.

லொரெல் போன பிறகும் அவள் அந்தத் தாள் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எனக்கு விஷயம் தெரியாது. நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன். பெயரைச் சொன்ன பாவத்துக்கு வருந்துகிறாள் என்றுதான் டீயை ஆற்றி முன்னால் வைத்தேன். பின்னால்தான் தெரிந்தது: ஆறு வயதில் அக்காவுக்காக மூடிய வாயை, சாகப்போகிறோம் என்று தெரிந்தும் அந்தத் தங்கை திறக்கவில்லை. பொய்யைத் தன் பொய்யாக ஆக்கிக்கொண்டு போய்விட்டாள். வெர்னா சும்மா இருந்தால் போதும். பயந்துகொண்டிருந்தது நடக்கவில்லை, இனி நடக்கவும் நடக்காது. உண்மை தெரிந்த இன்னொரு ஆள் உலகத்தில் கிடையாது.

மறுநாள் காலையில் அவளே ஆற்றைத் தாண்டி வந்தாள். குழாயடியில் நெற்றி மண்ணைக் கழுவினாள். என்னையும் வா என்று கையைக் காட்டினாள். மொழி அறையில் லொரெல் மட்டும் இருந்தாள். வெர்னா கதவைச் சாத்திவிட்டு வாய் திறந்தாள். ஆறு நாள் பேசாத குரல், கல்லில் கத்தி தீட்டுகிற மாதிரி வந்தது.

"நாய் இல்ல."

"என்ன பெரியம்மா?"

"தண்ணியக் கொட்டினது நாய் இல்ல. நான். தூங்கிட்டேன். காலு பட்டுடுச்சு. பயத்துல நாயச் சொன்னேன். உங்கம்மா பாத்துக்கிட்டே இருந்தா. அவ நாய அப்பா அடிக்கும்போதும் பாத்துக்கிட்டே இருந்தா. என்னக் காட்டிக் குடுக்கல."

லொரெல் கேட்டது வேறு எதையோ மாதிரி இருந்தது.

"அதனாலதான் அம்மா எங்க வீட்டுல நாயே சேத்துக்கலையா? எல்லார் வீட்டுலயும் அஞ்சு ஆறுன்னு கெடக்கும். நாங்க கெஞ்சுவோம். ஒண்ணுகூட வேணாம்பாங்க."

அது வெர்னாவுக்கும் இப்போதுதான் தெரிகிறது.

"இந்த வரிய மாத்திடவா?" என்று லொரெல் மெல்லக் கேட்டாள்.

"தொடாத!" வெர்னா தாளின்மேல் கையை வைத்தாள். "அவ சொன்னது அவ சொன்னதுதான். ஒரு எழுத்து தொடக் கூடாது. அத அப்படியே போடு. அடுத்த பக்கத்துல என்னுத போடு. நான் சொல்றேன், நீ எழுது."

"ஊர் முழுக்கப் படிக்கும் பெரியம்மா. பிள்ளைங்க படிக்கும்."

"அதுக்குத்தான் பந்தயம் நடத்துறோம்னு சொன்ன?"

லொரெல் எழுதினாள். நான் சுவரோரம் உட்கார்ந்து கேட்டேன். ஒன்பது வரிதான். எழுதி முடித்து, படித்துக் காட்டட்டுமா என்று அவள் கேட்டபோது வெர்னா தாளை இழுத்துக்கொண்டாள். "எம் பக்கம். நான் படிச்சுக்கிறேன்." மாதத்தின் மீதி நாள் முழுவதும் அதோடுதான் இருந்தாள்.

கடைசி நாள் சாயங்காலம் கடை வாசலில் கங்காரு வால் சுட்டு வைத்திருந்தோம். மேசையில் தாள் மறுபடி விரிந்திருந்தது. வெர்னாவின் பெயருக்கு நேரே பதினொரு கோடு. கையால் படித்த இரண்டுக்கும் லொரெல் கோடு போட்டிருந்தாள். ஒவ்வொருவராக எழுந்து படித்தார்கள். கிளாரி லாரிப் புத்தகத்தைத்தான் கொண்டுவந்தான். பேட்டரியைக் கழற்றும் முறையை அவன் சாமி கும்பிடுகிற குரலில் படிக்க, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்தது வெர்னா. யாரும் சிரிக்கவில்லை. மர்ட்டில் முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

வெர்னா தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். முதலில், இது என் தங்கச்சி கதைக்கு அடுத்த பக்கம் என்று மட்டும் சொன்னாள். பிறகு படித்தாள். ஓசை ஓசையாகத்தான். அதனால் எங்களுக்கும் அது ஓசை ஓசையாகத்தான் வந்தது. தண்ணீர் என்று வந்தது, என் மடியில் என்று வந்தது. நான் தூங்கினேன். என் கால். நாய் இல்லை. பொய் சொன்னேன். தங்கச்சிக்குத் தெரியும். தம்பி. கடைசி வரியில், இதை நான் அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன் என்று இருந்தது. அதைப் படிக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. யாரும் உதவவில்லை. உதவக் கூடாது என்று தெரிந்தது.

படித்து முடித்துத் தாளை இறக்கினாள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். மர்ட்டில் கட்டியிருந்த கையை இறக்கினாள், அழவில்லை, திட்டவில்லை, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். வெர்னா அந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

மர்ட்டிலின் பேத்தி, நாலு வயதுக்காரி, வால்துண்டைக் கடித்துக்கொண்டே கேட்டாள்:

"அந்த நாய்க்குப் பேரு என்ன?"

நாங்கள் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இறந்த நாயின் பெயரைச் சொல்லலாமா, கூடாதா? அதற்கு யாரும் விதி வைக்கவில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

வெர்னா குழந்தையைப் பார்த்தாள்.

"புழுதி" என்றாள். "மண்ணு நிறத்துல இருக்கும். ஓடினா தெரியாது. புழுதி."

பிள்ளைகள் அதைச் சொல்லிப் பார்த்தார்கள். ஒன்று சொன்னதும் இன்னொன்று. எங்கள் கால்மாட்டில் படுத்திருந்த நாய்களில் இரண்டு மூன்று, தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்றன. வெர்னா வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டு அவற்றைப் பார்த்தாள். பிறகு தன் தட்டிலிருந்த இறைச்சியை எடுத்து நீட்டினாள்.